வெளிநாட்டு ஓர்டரா, கல்முனைக் கடையா? படலைக்கு வந்து சேரும் விலையை வைத்து ஒரு கணக்கு

தையல் மெஷினுக்குப் பூட்டும் ஃபூட் செட் ஒன்று வெளிநாட்டு இணையக் கடையில் 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். அதையே கல்முனையிலோ காத்தான்குடியிலோ கேட்டால் 8,000 சொல்கிறார்கள். உடனே கடைக்காரர் அநியாய இலாபம் வைக்கிறார் என்று நினைத்து ஓர்டர் போட்டுவிடுகிறோம். ஒரு மாதம் கழித்துத் தபாற் கந்தோரில் இருந்து துண்டு வரும்போதுதான் உண்மையான விலை தெரிகிறது.

களுவாஞ்சிக்குடியில் தையல் வேலை செய்யும் தங்கச்சிமார், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் கேக் செய்து விற்கும் ராத்தாமார் என்று பலரும் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்: வெளியில் இருந்து எடுப்பதா, இங்கேயே வாங்குவதா? எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் இதற்கு ஐந்து வழி இருக்கிறது. தபால், கூரியர், கிலோ கணக்கில் எடுத்துத் தரும் ஏஜென்ட், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர், உள்ளூர்க் கடை. எல்லாருக்கும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை. ஆனால் பொருளைச் சொன்னால் வழியைச் சொல்லிவிடலாம்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, கைக்கு வந்து சேரும் முழுச் செலவு. பொருளின் விலை, அனுப்பும் கூலி, வரிகள், கையாளும் கட்டணம், வங்கி எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். திரையில் தெரியும் விலை இதில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, சுங்கத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார். வெளிநாட்டில் இருந்து உங்கள் பெயருக்கு வரும் பொருளுக்குச் சட்டப்படி நீங்கள்தான் இறக்குமதியாளர். விற்றவர் இல்லை, இணையத்தளமும் இல்லை.

மூன்றாவது, பொருள் பழுதாக வந்தால் யாரிடம் போய் நிற்பது.

நான்காவதைக் கொழும்பில் இருப்பவர்கள் யோசிக்கத் தேவையில்லை, நாங்கள் யோசிக்க வேண்டும். அது தூரம். சுங்கப் பரிசோதனைக்கோ ஆவணம் கொடுக்கவோ ஆள் வர வேண்டும் என்று கூப்பிட்டால், மட்டக்களப்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் போய், ஒரு பகல் முழுக்க நின்று, மறு இரவு திரும்புவதற்கு ஆகும் செலவும் இழக்கும் நாட்கூலியும் சிறு பொருள் ஒன்றின் விலையையே தாண்டிவிடும். எத்தனை நாளில் வரும் என்பதும் முக்கியம்தான், ஆனால் அதை எல்லாரும் எப்படியும் பார்க்கிறார்கள்.

வரி எப்படி ஏறுகிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. சுங்கம் பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றையும் கூட்டிய பெறுமதிக்குத்தான் போடும். அந்தப் பெறுமதியில் சுங்கத் தீர்வையும் துறைமுக விமான நிலைய வரியும் கணக்கிடப்படும். சில பொருட்களுக்குச் செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரியும் உண்டு. உடுப்பு, செருப்பு வாங்குபவர்கள் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அப்புறம் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம். இந்த இரண்டுக்கும் அடித்தொகை எப்படி வருகிறது என்றால், பெறுமதியோடு அதில் 10 வீதத்தைக் கூட்டி, மேலே சொன்ன வரிகளையும் கூட்டி எடுப்பார்கள். அதாவது வரிக்கு மேலே வரி.

அந்த 20 டொலர் செட்டுக்கு அனுப்பும் கூலி 10 டொலர், தீர்வை 20 வீதம், துறைமுக விமான நிலைய வரி 10 வீதம் என்று வைத்துப் பார்ப்போம்.

| கணக்கு | ரூபாய் |
|---|---|
| பொருளும் கூலியும் (30 டொலர்) | 9,000 |
| சுங்கத் தீர்வை 20% | 1,800 |
| துறைமுக விமான நிலைய வரி 10% | 900 |
| வற், சமூகப் பாதுகாப்பு வரிக்கான அடித்தொகை (9,900 + 1,800 + 900) | 12,600 |
| வற் 18% | 2,268 |
| சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5% | 315 |
| மொத்த வரி | 5,283 |
| கைக்கு வரும் விலை | 14,283 |

6,000 ரூபாய்ப் பொருள் 14,283 ஆகிவிட்டது. இதே 9,000 ரூபாய்ப் பெறுமதிக்குத் தீர்வையும் துறைமுக விமான நிலைய வரியும் இல்லாத ஒரு பொருளாக இருந்தால், வரி ஏறத்தாழ 2,030 ரூபாயோடு நின்றுவிடும். இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பொருளின் எச்.எஸ். குறியீட்டு இலக்கம், அதாவது பொருள் எந்த வகை என்று சுங்கம் பிரிக்கும் எண். சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தீர்வை வழிகாட்டி இருக்கிறது. ஓர்டர் போட முன்னர் உங்கள் பொருளின் வரியை அதில் தேடிப் பாருங்கள். பாதீட்டோடும் வர்த்தமானியோடும் வீதங்கள் மாறுவதால், போன வருஷம் தெரிந்தவர் சொன்ன கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, அப்படியென்றால் கல்முனைக் கடைக்காரர் எப்படி 8,000க்குக் கொடுக்கிறார்? அவருடைய பொருளுக்கும் வரி உண்டு. ஆனால் அந்தச் செட்டை இறக்குமதியாளர் மொத்த விலையில் 10 டொலருக்கு எடுத்திருப்பார். கொள்கலனில் கப்பலில் வந்ததால் ஒன்றுக்கான கூலி ஒரு டொலர் என்று வைத்தாலும் பெறுமதி 3,300 ரூபாய்தான். அதே வீதத்தில் வரி 1,937. மொத்தம் 5,237. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து இதன் மேல் பாதியளவு வைத்து விற்றாலும் 8,000க்குள் நிற்கும். வரி வீதம் இருவருக்கும் ஒன்றுதான், வரி விழும் தொகைதான் வேறு. உங்களுக்குச் சில்லறை விலையிலும் விமானக் கூலியிலும் விழுகிறது, அவருக்கு மொத்த விலையிலும் கப்பல் கூலியிலும் விழுகிறது. எங்கள் ஊர்க் கடைக்காரரைத் திட்ட முன்னர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள்.

வழி 1: தபால்

சின்னது, பாரமில்லாதது, அவசரமில்லாதது, இங்கே கிடைக்காதது. இந்த நான்கும் பொருந்தினால் தபால்தான் நல்ல வழி. பட்டன், லேஸ், கேக் அச்சு, மெஷின் உதிரிப்பாகம், மாணவர் திட்டத்துக்கான சென்சர் போன்றவற்றுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. கையாளும் கட்டணமும் கூரியரை விடக் குறைவு. வரி போடப்பட்டிருந்தால் உங்கள் தபாற் கந்தோரிலேயே கட்டி எடுக்கலாம்.

ஒரு காலத்தில் சின்னப் பொட்டலங்கள் பெரும்பாலும் வரியில்லாமலே வந்து சேர்ந்தன. அந்தப் பழைய நினைப்பில் இன்றைக்கு ஓர்டர் போடுவதுதான் பலரின் ஏமாற்றத்துக்குக் காரணம். வரி விழும் என்றே கணக்குப் போடுங்கள். விழாவிட்டால் சந்தோஷம்.

கண்காணிப்பு இலக்கத்தைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. சர்வதேசத் தபால் இலக்கம் 13 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல், ‘ஈ’ என்றால் விரைவுத் தபால். ‘யூ’ என்று தொடங்கினால் வழிநெடுகத் தேட முடியாத சாதாரணப் பொட்டலம். விலை கூடிய எதையும் ‘யூ’ இலக்கத்தில் அனுப்ப விட வேண்டாம். இன்னும் சில நூறு ரூபாய் கூடினாலும் பதிவுத் தபாலைத் தெரிவு செய்யுங்கள்.

முகவரியில் தபால் குறியீட்டை விடாமல் எழுதுங்கள். மட்டக்களப்பு 30000, காத்தான்குடி 30100, கல்முனை 32300, அக்கரைப்பற்று 32400. தொலைபேசி இலக்கமும் கட்டாயம். எங்கள் பக்கம் ஒரே பெயரில் பல குறுக்கு வீதிகள் இருக்கின்றன. அவற்றில் தபால்காரர் அழைத்துக் கேட்டால்தான் பொருள் சரியான வீட்டுக்கு வரும்.

மறைந்திருக்கும் செலவு என்றால் காலம்தான். பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க இணையக் கடைகள் தரும் பாதுகாப்புக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்று குறித்து வையுங்கள். பொருள் சுங்கத்தில் நிற்கும்போதே அந்தக் காலம் கடந்துவிட்டால், வராத பொருளுக்கும் பணம் திரும்பாது. முடியும் முன்பே முறைப்பாட்டைத் திறக்க வேண்டும், அல்லது காலத்தை நீட்டக் கேட்க வேண்டும்.

வழி 2: கூரியர்

கூரியர் கொம்பனி நாட்கணக்கில் கொண்டு வந்துவிடும். சுங்க வேலையையும் அவர்களே பார்ப்பார்கள். இன்வொயிஸ், பணம் கட்டியதற்கான ஆதாரம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்பார்கள், பெரும்பாலும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் எங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. கூலி அதிகம். அந்தக் கூலி பெறுமதியில் சேர்வதால் அதற்கும் வரி விழும். சுங்கத்தில் இருந்து பொருளை விடுவிக்கும் கட்டணமும், உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான கட்டணமும் தனித்தனியே வரலாம். கேட்ட ஆவணத்தைக் கொடுக்கத் தாமதித்தால் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

இன்னொன்று பருமன் நிறை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரிப்பது கூரியர்காரரின் வழக்கமான கணக்கு. 40க்கு 30க்கு 30 அளவுள்ள ஒரு பெட்டிக்குள் ஒரு கிலோ பஞ்சுப் பொம்மை இருந்தாலும் 7.2 கிலோவுக்குத்தான் கூலி எடுப்பார்கள். தொப்பி, விளக்கு மறைப்பு, கூடை போன்ற பாரமில்லாமல் இடம் பிடிக்கும் பொருட்களை இந்த வழியில் எடுக்கவே கூடாது.

பல்கலைக்கழக விண்ணப்ப ஆவணம், தொழில் நின்றுபோய் உடனே வேண்டிய இயந்திரப் பாகம், விலை கூடியும் கையளவாக இருக்கும் பொருள் ஆகியவற்றுக்குக் கூரியர் சரி. நாளுக்கு 5,000 ரூபாய் உழைக்கும் மெஷின் ஒரு பாகம் இல்லாமல் நிற்கிறதென்றால், மூன்று கிழமை தபாலுக்குக் காத்திருப்பதுதான் நட்டம்.

வழி 3: கிலோ கணக்கு ஏஜென்ட்

வெளிநாட்டில் ஒரு முகவரி தருவார்கள். அங்கே அனுப்பினால் பலருடைய பொருளையும் ஒன்றாகச் சேர்த்துக் கொழும்புக்கு எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தருவார்கள். ‘வரி எல்லாம் அதுக்குள்ளேயே’ என்பார்கள். பார்க்க மிகச் சுலபம். பாரம் குறைந்து விலை கூடிய பொருளுக்கு மலிவாகவும் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் பொருளுக்கான சுங்கப் பத்திரம் கிடைக்குமா? பெரும்பாலும் இல்லை என்பார்கள், அல்லது மழுப்புவார்கள். பத்திரம் இல்லையென்றால் வரி கட்டப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. சேர்த்து வந்த பொதியில் வேறு ஒருவர் தடைசெய்த பொருளைப் போட்டிருந்தால் உங்கள் பொருளும் சேர்ந்து மாட்டும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்காவிட்டால் காட்ட ஒரு காகிதமும் உங்கள் கையில் இருக்காது. கடை வைத்திருப்பவர்கள் இந்த வழியில் சரக்கு எடுத்து விற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனிப்பட்ட தேவைக்கு எடுப்பதானால், போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் எடுங்கள். பற்றுச்சீட்டு தருகிற, சொந்தக் கந்தோர் வைத்திருக்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

வழி 4: வெளிநாட்டில் இருக்கும் சொந்தம்

கட்டாரில் நானா, குவைத்தில் மச்சான், சவூதியில் மாமி. ஏறாவூர், வாழைச்சேனை, சம்மாந்துறை என்று எங்கே கேட்டாலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் வரும்போது பையில் கொண்டு வரலாம், அல்லது கார்கோ பெட்டியில் போட்டு அனுப்பலாம்.

பையில் கொண்டு வருவதற்குப் பயணிகளுக்கான சலுகை எல்லை இருக்கிறது. வெளிநாட்டில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். சொந்தப் பாவனைக்கான பொருளுக்குத்தான் சலுகை. ஒரே பொருளைப் பத்துப் பன்னிரண்டாகக் கொண்டு வந்தால் வியாபாரச் சரக்கு என்று பார்ப்பார்கள். பவர் பேங்க் கையில் கொண்டு போகும் பையில்தான் வர வேண்டும், சரக்குப் பையில் போட முடியாது. தனி லித்தியம் அயன் பட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலில் இருந்தே தடை. அதனால் இந்த வகைப் பொருளுக்குத் தபாலை விட ஆள் கையில் வருவது நம்பகமானது.

கார்கோ பெட்டி போர்வை, உடுப்பு, சவர்க்காரம், பால்மா, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போன்ற பாரமான வீட்டுப் பொருளுக்கு நல்லது. கப்பலில் வருவதால் கிழமைக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஆகும். பெருநாளுக்கோ சித்திரை வருஷத்துக்கோ வேண்டுமென்றால் நன்றாக முந்தியே அனுப்பச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும். வேறு யாரோ மூடிக் கொடுத்த பொதியை உங்கள் ஆளின் பெட்டிக்குள் வைக்க ஒருபோதும் விடாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இந்த வழியில் ஒரு செலவை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. வீட்டு வேலைக்குப் போன ஒரு மாமி, தன் சம்பளத்தில் வாங்கி, கிடைக்கும் அரை நாள் விடுமுறையில் கடைக்குப் போய், பெட்டி கட்டி அனுப்புகிறார். அவருக்குக் கிடைத்த சலுகையை எங்கள் டிவியால் நிரப்பிவிட்டால், அவர் தன் பிள்ளைக்குக் கொண்டு வர நினைத்ததற்கு இடம் இருக்காது. பொருளின் சல்லியையும் கூலியையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டுக் கேட்பதுதான் முறை. அப்படிக் கணக்குப் பார்த்தால் பல பொருட்கள் இங்கே வாங்குவதை விட மலிவாக இருக்காது.

வழி 5: இங்கேயே வாங்குவது

உள்ளூரில் கிடைக்கும், மின்சாரத்தில் ஓடும், பாரமான எந்தப் பொருளுக்கும் என் முதல் தெரிவு இதுதான். கணக்கை மேலே பார்த்துவிட்டோம். உத்தரவாதமும் உண்டு. மிக்ஸி கருகினால் பஸ் ஏறிப் போய்க் கடைக்காரர் முன்னால் வைக்கலாம். அவர் கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இந்த எதுவும் நடக்காது. திருப்பி அனுப்பும் கூலி பொருளை விடக் கூடும், கட்டிய வரியைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. 110 வோல்ற்றுக்குச் செய்த சாதனத்தை எங்கள் 230 வோல்ற் மின்சாரத்தில் நேராகப் போட்டால் அங்கேயே முடிந்தது.

டராஸ் போன்ற உள்ளூர்த் தளங்களில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விற்பவர் கொழும்பிலா, வெளிநாட்டிலா என்று பொருளின் பக்கத்தில் போட்டிருக்கும். வெளிநாட்டில் இருந்து வருவது என்றால் வரி யார் தலையில் என்பதை வாங்க முன்னர் வாசித்துவிடுங்கள்.

உள்ளூர்க் கடை தோற்கும் இடமும் உண்டு. அரிய உதிரிப்பாகம், ஒரு குறிப்பிட்ட பாடப் புத்தகம், சென்சர் வகைகள் ஆகியவற்றை இங்கே யாரும் இருப்பில் வைப்பதில்லை, வைத்தால் பல மடங்கு விலை. அப்போது தயங்காமல் தபாலுக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் செய்யக் கூடாதவை

பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். சுங்க அதிகாரி அதே தளத்தில் அதே பொருளின் விலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. பொருள் தொலைந்தால் நட்டஈடும் குறைத்து எழுதிய தொகைக்குத்தான் கிடைக்கும். ‘கிஃப்ட்’ என்று எழுதியதால் மட்டும் தீர்வை போய்விடாது.

வரியோடு முடியாத பொருட்களும் இருக்கின்றன. ட்ரோனுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். வோக்கி டோக்கி, சிக்னல் பூஸ்டர் போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். மருந்துக்கும் விதைப் பொட்டலத்துக்கும் அவற்றுக்குரிய அதிகார சபைகள் உண்டு. பூக்கன்று விதைதானே என்று ஓர்டர் போட்டால், தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதி இல்லாமல் அது சுங்கத்தைத் தாண்டாது.

அட்டையில் பணம் கட்டும்போது வங்கியின் மாற்று வீதம் செய்தியில் சொல்லும் வீதத்தை விடக் கூடுதலாகவே இருக்கும். அதன் மேல் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் வரலாம். இவற்றையும் கணக்கில் சேருங்கள்.

கையடக்கத் தொலைபேசி மட்டும் வேறு கணக்கு

போனை வெளிநாட்டுத் தளத்தில் ஓர்டர் போட வேண்டாம் என்றே சொல்வேன். 2024 ஜனவரியில் இருந்து போனுக்கும் வற் உண்டு என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் பதிவு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரி 28ஆம் திகதி ஓர் அறிவித்தல் விட்டது. தன்னிடம் பதியாத புதிய போன்கள் இங்குள்ள வலையமைப்புகளில் இயங்காது, அதற்கு முன்பிருந்தே பாவனையில் உள்ளவற்றுக்குப் பாதிப்பில்லை என்பதே அதன் சாரம். சொந்தக்காரர் கையில் கொண்டு வந்தாலும் பதிவு வேலை இருக்கிறது என்று நினைத்தே முடிவு எடுங்கள்.

கடையில் வாங்கும்போதும் பெட்டியை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஐ.எம்.இ.ஐ. என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிவான போன்தானா என்று பதில் வரும். இரண்டு சிம் போடும் போனென்றால் இரண்டு எண்ணையும் அனுப்பிப் பாருங்கள். பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுத்தால் போதும்.